வாங்கில் மிஞ்சிய இருவர்

ஸ்பிரிட் மணம். இன்றைக்கும் எங்கேயாவது ஓர் ஆஸ்பத்திரியில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து யாராவது யாருடைய கையையாவது துடைத்தால், என் முழங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு திசையில் ஓடத் தயாராகிவிடும். மூக்கில் ஏறுவதற்கு முன்பே வயிற்றில் இறங்கிவிடுகிற மணம் அது. வெளியே சொல்ல வெட்கம்தான், ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்: நான் ஒருமுறை இரண்டு கிழமை, முழுசாகப் பதினாலு நாள், சாகத் தயாராகி, பிறகு அரை நாள் செத்தே போயிருந்தேன். (அந்த அரை நாளிலும் மத்தியானச் சோறு சாப்பிட்டேன் என்று என் மனைவி சொல்லுவாள். நம்பவேண்டாம். கொஞ்சம்தான் சாப்பிட்டேன்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். உரும்பிராயில் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்த ஞாபகமே மங்கிப்போயிருந்த காலம். யுத்தத்தால் பற்றறிக்கும் தடை. றேடியோ கேட்பதென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறக்கிற கரண்டில் கேட்கவேண்டும். எங்கள் வீட்டில் அப்பா கேட்பார், நான் சுற்றுவேன். சுற்று வேகமானால் அறிவிப்பாளர் அணில் மாதிரிக் கீச்சிடுவார். குறைந்தால் கிணற்றுக்குள் இறங்கிப்போவார்.

ஒரு பின்னேரம் செய்திக்கு முன்னால் சுகாதார நிகழ்ச்சி. ஒரு டாக்குத்தர் சாவதானமாக வாசித்தார். "எயிட்ஸ் நோய்க்கிருமி, அது தொற்றியவருடைய இரத்தத்தின் மூலம் பரவும். ஆனால் கைகுலுக்குவதாலோ, ஒரே கோப்பையில் குடிப்பதாலோ, நுளம்பு கடிப்பதாலோ..."

நுளம்பு என்ற சொல்லில் என் கை நின்றுவிட்டது. டாக்குத்தர் கிணற்றுக்குள் போனார். 'பரவாது' என்ற சொல் றேடியோப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது.

"சுத்தடா! செய்தி வரப்போகுது!" என்றார் அப்பா.

சுற்றினேன். டாக்குத்தர் மேலே வந்து, "ஆகவே பொதுமக்கள் மிகவும் அவதானமாக இருக்கவேண்டும்" என்று முடித்தார்.

பொதுமக்களில் அன்றைக்கு என்னைவிட அவதானமான ஆள் கிடையாது. இரண்டு மாதத்துக்கு முன்னர்தான் ஓர் இன்ரவியூவுக்காகக் கடல்நீரேரியைத் தோணியில் கடந்து கொழும்புக்குப் போய் வந்திருந்தேன். தங்கிய லொட்ஜில் நுளம்புகள் என்னைப் பாய்போட்டுப் பந்தி பரிமாறின. இன்ரவியூ அன்று காலை சலூன்காரர் தாடைக்குக் கீழே கத்தியால் கிழித்தார். வேலை கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி ஒரு கிழமை காய்ச்சல். உடம்பு மெலிந்தது. (அந்த வருடம் நீரேரியைக் கடந்து கொழுத்துத் திரும்பியவர் எவருமில்லை என்பது என் மூளைக்கு எட்டவில்லை.) நோய் பரவுவதற்கு வேறொரு வழியும் உண்டென்று சொன்னார்கள். அந்த வழியில் எனக்கு ஆபத்தே இல்லை. இருபத்தாறு வயதுவரை ஒரு பெண்ணின் விரலைக்கூடத் தொட்டதில்லை. பெரிய ஒழுக்கம் என்று எண்ணிவிடாதீர்கள், ஒருத்தியும் விரலை நீட்டவில்லை.

இனி நீட்ட ஒருத்தி இருந்தாள். கௌரி, என் மாமன் மகள். மருதனார்மடத்தடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் படிப்பித்தாள். ஆவணியில் எங்களுக்குக் கலியாணம். நான் நோயாளியென்றால் அவளைக் கட்டுவது அவளைக் கொல்வது. கட்டாமல் விட்டால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால், என் சைக்கிள் பக்கத்து ஊரான நீர்வேலிக்குப் போய்ச் சேருமுன் என் பெயர் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் இருமல் கேட்டால் நாலு வீட்டில் கொத்தமல்லி அவியும். இந்த இருமலுக்கு நாலு வீடும் படலையைச் சாத்தும்.

ஒருவருக்கும் சொல்லாமல் இரத்தத்தைப் பரிசோதிப்பதென்று முடிவெடுத்தேன். பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரி. (பெயர் வேண்டாம். பிழை முழுக்க என் காதுடையது.) விறாந்தையில் வந்தவர்கள் உட்கார நீட்டு வாங்கு ஒன்று. அதில் ஆறேழு பேர். மேசையில் நரைத்த கிளாக்கர் ஒருவர்.

"என்ன பாக்கவேணும்?"

"ரத்தம், ஐயா."

"ரத்தத்திலை என்ன? சீனியோ, மலேரியாவோ, குறூப்போ?"

"குறூப்... பிறகு மற்றதும்."

"என்னது? அந்தக் காது ஷெல் வெடிச்சதோடை போயிட்டுது. இந்தப் பக்கம் வந்து உரத்துக் கதையும்."

இந்தப் பக்கம் வந்து குனிந்தேன். "எ..."

"எக்ஸ்றேயோ? அது அங்காலைக் கட்டிடம்."

"எக்ஸ்றே இல்லை ஐயா. எயி..."

"எட்டு மணிக்கு வந்தனீரோ? அப்ப ஏன் இவ்வளவு நேரமும் நிண்டனீர்?"

"எயிட்ஸ்!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து, முற்றத்தில் இரைந்துகொண்டிருந்த ஜெனறேற்றர் நின்றது. என் சொல் தனியே விறாந்தை நெடுக நடந்து, கடைசிச் சுவரில் முட்டி, திரும்பி வந்தது. வாங்கில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவருக்குத் திடீரென்று தண்ணீர்த் தாகம். ஒருவருக்கு வெயில் காயவேண்டும். ஓர் அம்மா தன் பையோடு என் குடையையும் தூக்கிக்கொண்டு போனார். பயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒருவர் மட்டும் அசையவில்லை. நாற்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சாரம், வெயிலில் கறுத்த முகம், கயிறு இழுத்து இழுத்துக் காய்த்த கை.

"இரும் தம்பி," என்றார். "இப்ப வடிவா இடம் கிடக்கு."

இருந்தேன். முற்றத்திலிருந்து பார்வையை எடுக்காமலே அவர் சொன்னார்: "எனக்கும் உதுதான். விடிய வெள்ளன வந்து, ஒருத்தரும் இல்லாத நேரமாச் சொல்லிப்போட்டன். உம்மடை குரல் நல்ல குரல்."

அந்த இடத்தில் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். குருநகர்க் கடற்கரைக்காரர். நாலு வருடம் வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்துவிட்டு வந்தவர். வலைக்கு நூல் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார். "மனிசி நூல் எங்கையெண்டு கேக்கப்போறாள்," என்றார். பெயரை நான் கேட்கவில்லை. என் பெயரை அவரும் கேட்கவில்லை. அந்த வாங்கில் அதுதான் மரியாதை.

பிறகு ஸ்பிரிட், பஞ்சு, ஊசி. குறூப்பை இங்கேயே பார்ப்பார்களாம். மற்றதுக்கு இரத்தம் கொழும்புக்குப் போய் வரவேண்டும், இரண்டு கிழமை செல்லும் என்றார் நேர்ஸ். ஊரைவிட்டு வெளியேற எனக்குப் பாஸ் எடுக்க ஒன்றரை மாதம் பிடித்த கொழும்பு. என் இரத்தம் பாஸில்லாமலே போகப்போகிறது என்று கொஞ்சம் பொறாமைப்பட்டேன்.

அந்த இரண்டு கிழமையும் நான் வாழ்ந்த வாழ்க்கையை எதிரிக்கும் விதிக்கமாட்டேன். என் தேநீர்க் கோப்பையின் பிடியில் நூல் கட்டி ஒதுக்கிவைத்தேன். "என்னடா, கோப்பைக்கும் நேத்திக்கடனோ?" என்றார் அம்மா. ஒரு பின்னேரம் என்னைக் கடித்த நுளம்பொன்று வயிறு புடைக்க அம்மாவை நோக்கிப் பறந்தது. அதைக் குசினி, சாமியறை, கிணற்றடி என்று துரத்திப் போய்க் கடைசியில் அம்மாவின் முதுகில் வைத்து அடித்தேன். அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. மரணசாசனமும் எழுதினேன், வசன கவிதையில். சொத்து: சைக்கிள் ஒன்று, முடியாத கவிதைகள் நாற்பது. சைக்கிள் அப்பாவுக்கு என்று எழுதினேன். கவிதைகளை யாருக்கு எழுதுவதென்று யோசித்து யோசித்து, அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். பகலில் இப்படியெல்லாம் கோமாளியாக இருப்பேன். வாழைத்தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் மாறிவிடப் போய்த் தனியே நிற்கையில், இலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தத்தில், எனக்கு நிசமாகவே குலை நடுங்கும். அடுத்த குலை வெட்டும்போது நான் இருப்பேனா என்று ஒவ்வொரு மரமாக எண்ணிக்கொண்டு போவேன்.

இரண்டு கிழமை முடிந்தது. மேசைக்கு முன்னால் நின்றேன். கிளாக்கர் கொப்பியை விரித்து, விரலால் வரிகளைத் தடவிக்கொண்டு வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல காதுப் பக்கம் போய்க் கேட்டேன்:

"ஐயா, எனக்கு இருக்கோ?"

விரல் நின்றது. "ஓ..." என்று இழுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டார். "பொசிற்றிவ்."

எங்கள் ஊர்ப் பேச்சு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு ஆம் என்றால் 'ஓம்'. அதைக் கொஞ்சம் சோம்பலாகச் சொன்னால் 'ஓ'. இருக்கோ என்று கேட்டேன். ஓ என்றார். அதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன விளக்கம் வேண்டும்?

அவர் மேலும் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நான் அப்போது ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தேன்.

எப்படி வீட்டுக்குப் போனேன், எப்படி அந்தச் சோற்றைச் சாப்பிட்டேன் என்பதெல்லாம் ஞாபகமில்லை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் மருதனார்மடச் சந்தையில் நின்றேன். கௌரி கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கௌரி, கலியாணத்தை நிப்பாட்டுவம்."

"ஏன்? வேறை ஆரையேன் பாத்திட்டியளோ?"

"எனக்கு எயிட்ஸ்." இந்த முறை மெதுவாகத்தான் சொன்னேன்.

அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்தேன். கையிலிருந்த கத்தரிக்காயைக் குவியலில் வைத்தாள். மறுபடி எடுத்தாள். பிறகு கேட்டாள்: "எனக்கொரு சொல்லுச் சொல்லாமல் எவ்வளவு நாளாத் திரியிறியள்?"

"ரெண்டு கிழமை. லொட்ஜிலை நுளம்பு..."

"நுளம்பாலை உது பரவாது. என்ரை எட்டாம் வகுப்புப் பிள்ளையளுக்கே தெரியும்."

"சலூனிலை கத்தியும் வெட்டினது."

அவள் பார்வை என் தாடைக்கு வந்தது. "ஆர் உங்களுக்குச் சொன்னது? அவர் சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ."

"இருக்கோ எண்டு கேட்டன். ஓ எண்டார். பிறகு பொசிற்றிவ் எண்டார்."

கௌரி என்னைப் பார்த்தாள். கத்தரிக்காயைப் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டு வந்து அவளை இரண்டாக மடித்தது. "விசரோ உங்களுக்கு? அது ரத்த குறூப்! ஓ பொசிற்றிவ்! எனக்கும் ஓ பொசிற்றிவ், அம்மாவுக்கும் ஓ பொசிற்றிவ், ஊரிலை பாதிச் சனம் ஓ பொசிற்றிவ்!"

"என்ன பிள்ளை, கலியாணக் கதையோ?" என்றார் மரக்கறி விற்கிற மனுசி.

"இல்லையணை, செத்தவீட்டுக் கதை," என்றாள் கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. துடைத்த கை கண்ணிலேயே நின்றது. "அப்ப மற்ற றிப்போட் துண்டு எங்கை?"

"எந்த மற்றத் துண்டு?"

"குறூப் இது. நீங்கள் கேக்கப் போனதுக்கு என்ன மறுமொழி?"

மறுமொழி அந்த மேசையில் கிடந்தது. நான் அதை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தேன்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றாள்.

"வேண்டாம். ஆரும் கண்டால்..."

"காணட்டும்."

அடுத்த நாள் கிளாக்கர் என்னைக் கண்டதுமே பாய்ந்தார். "கண்டறியாத ஓட்டம்! நான் மற்றத் துண்டை எடுக்க முன்னம் பறந்திட்டீர்!" மேசை லாச்சியைத் திறந்தார். துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். கௌரி என் சேட்டு நுனியைப் பிடித்திருந்தாள். காது கேளாதவருக்கே உரிய முழுக் குரலில் அவர் அறிவித்தார்: "உமக்கு ஒண்டும் இல்லை! ஒரு கோதாரியும் இல்லை!"

நான் சிரித்தேன். சிரிப்பென்று சொல்லமுடியாது, வாய்க்கால் உடைந்த மாதிரி ஒரு சத்தம். கௌரி அழுதாள். ஆவணியில் கலியாணம் நடந்தது. இன்றைக்கும் நான் எதற்காவது "ஓ..." என்று இழுத்தால் வீடு முழுக்கச் சேர்ந்து "பொசிற்றிவ்!" என்று கத்தும். மகளின் கலியாணத்தில் சம்மந்தி வீட்டாருக்கு முன்னாலும் கத்தினார்கள். கதையை எப்போதும் இந்த இடத்தில்தான் முடிப்பார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு எழும்பிப் போவேன்.

ஆனால் நான் அப்படிச் சிரித்துக்கொண்டு திரும்பியபோது, அந்த வாங்கில் கட்டம் போட்ட சாரக்காரர் இருந்தார்.

"நேற்றும் வந்தன் தம்பி," என்றார். "நீர் ஓடின ஓட்டத்தைக் கண்டு, நானும் ஓடிப்போட்டன்."

கிளாக்கர் அவருடைய பெயரைக் கூப்பிடவில்லை. உள்ளேயிருந்து நேர்ஸே நடந்து வந்து, அவருடைய தோளில் மெதுவாகத் தொட்டு, "உள்ளுக்கை வாங்கோ அண்ணை" என்றார். கதவு சாத்தப்பட்டது. உரத்துச் சொல்லப்படுகிற செய்தி எவ்வளவு நல்ல செய்தி என்று அப்போதுதான் விளங்கியது. கௌரியும் நானும் போகாமல் நின்றோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. வெளியே வந்தபோது ஒரு துண்டைச் சின்னதாக மடித்துச் சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டிருந்தார். வாசல்வரை மூவரும் ஒன்றாக நடந்தோம்.

ஒருமுறைதான் அவரை மறுபடி கண்டேன், அடுத்த வருடம், பட்டினத்துச் சந்தை வாசலில். நன்றாக மெலிந்திருந்தார். என்னோடு ஊர்ச்சனம் நாலு பேர் நின்றார்கள். எனக்கு ஒரு நோயும் இல்லை, ஒன்றும் இல்லையென்று எழுதிய துண்டு வீட்டில் இருந்தது, ஆனாலும் பயம் வந்து என் சைக்கிளின் கைபிடியைத் திருப்பியது. வீட்டில் ஒருவருக்கும் இதைச் சொன்னதில்லை. கௌரி இதை வாசித்துத்தான் அறியப்போகிறாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில், அவர் கடற்கரைப் பக்கம் திரும்புமுன், எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சந்தோசமாப் போயிட்டு வாங்கோ. எங்கையேன் கண்டால் கதையும் தம்பி, என்ன?"