நிறைகுடத்துக்குக் கீழே ஒரு தையல் மெஷின்

ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாதவன்தான் கைத்தையலின் மகிமையைப் பற்றி அதிகம் பேசுவான். இதை நான் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. அந்த ஆளே நான்தான்.

என் மனைவி வசந்தி, பாலையூற்றில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்திருப்பவள். பள்ளிக்கூடச் சீருடை, சாறி பிளவுஸ், கல்யாணத்துக்குப் பிறகு பெருத்துப்போனவர்களின் சட்டை என்று அவள் காலம் போய்க்கொண்டிருந்தது. நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு காரியாலயத்தில் எழுதுவினைஞர். வேலை முடிந்து வந்ததும் சாய்மனைக் கதிரையில் கிடந்து, கையால் செய்த பொருட்களின் பெருமையைப் போனில் வாசிப்பேன். வாசித்ததை மெஷின் சத்தத்துக்கு மேலால் வசந்திக்குச் சொல்லுவேன்.

"மெஷினில தைக்கிறதுக்கு உயிரில்லை வசந்தி. கையால தைச்சாத்தான் அதில ஒரு ஆத்மா இருக்கும்."

(அவள் அப்போது யாரோ ஒருவரின் களிசானுக்கு ஸிப் மாற்றிக்கொண்டிருப்பாள். ஆத்மாவைப் பற்றி அந்தக் களிசான்காரர் ஒருநாளும் விசாரித்ததில்லை.)

அப்படியிருக்கையில், நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகள் தேவை என்று தகவல் வந்தது. திருகோணமலை வெக்கையில் போர்வை எதற்கு என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுக்காரர் பகல் முழுக்கக் கடற்கரையில் வெந்துவிட்டு, அறைக்கு வந்து ஏசியை உச்சத்தில் போட்டு நடுங்குவார்கள். அதற்குத்தான் விடுமுறை என்று பெயர்.

வசந்தி பாடுபட்டு ஒரு மாதிரிப் போர்வை செய்தாள். மேலே சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்த முகம், நடுவில் பஞ்சு, அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க அலை அலையாக மெஷின் தையல். உண்மையிலேயே அழகாக இருந்தது. அந்த ஓடர் கிடைத்தால் இன்னொரு மெஷின் போடலாம், ஸிப் மாற்றுகிற வேலைக்கு ஒரு கும்பிடு போடலாம் என்று அவள் ஆசைப்பட்டாள். அவள் வாய்விட்டு ஆசைப்பட்டதை நான் கண்டது அதுதான் முதல்தடவை.

"கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ. கதைக்க வேண்டாம்," என்று சொல்லித்தான் என்னை அனுப்பினாள்.

கதைத்தேன்.

ஹோட்டலில் அறைகளுக்குப் பொறுப்பான ரேணுகா மிஸ் போர்வையைத் தடவிப் பார்த்து, "வடிவா இருக்குது. மெஷின் தையல்தானே?" என்று கேட்டார். வெறும் 'ஓம்' போதும். ஆனால் போனில் வாசித்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"மெஷினோ? என்ன மிஸ் கதைக்கிறியள்! ஊசியும் நூலும் கையும்தான். ஒவ்வொரு தையலிலயும் ஒரு மனுசன்ர மூச்சு இருக்குது."

"கையால இவ்வளவு ஒழுங்காவோ?"

"பழக்கம் மிஸ்."

அவருடைய முகம் மாறியது. பரவசம் என்று நினைத்தேன். "அப்ப ஞாயிற்றுக்கிழமை நான் வீட்ட வந்து, தைக்கிறதை ஒருக்காப் பாக்கோணும்," என்றார். நான் மோட்டார் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

விஷயத்தைக் கேட்ட வசந்தி குசினிக்குள் போய், சமையல் முடிந்திருந்த நேரத்தில், ஒரு தேங்காயை உடைத்துத் திருவத் தொடங்கினாள். முழுவதும் திருவி முடிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"எனக்குக் கையால தைக்கத் தெரியாது. பொய்க்குத் துணை போகவும் ஏலாது. சொன்ன ஆளே இருந்து தையுங்கோ. நான் தேத்தண்ணி மட்டும் போடுவன்."

மிச்சத் துணியும் பஞ்சும் அடுக்கி, இன்னும் தையல் போடாத ஒரு போர்வையை என் மடியில் போட்டாள். அன்றைக்கே பயிற்சி தொடங்கியது. விரல்களில் நான் குத்தாத இடமில்லை. நூலோ இழுத்தால் அறுந்தது, இழுக்காவிட்டால் சிக்குப்பட்டது. கடைசியில் வசந்தியின் தம்பி சாந்தனைக் கூப்பிட்டேன். அவன் சல்லிக் கிராமத்தில் மீன்பிடிக்கிறவன், வலை பொத்துவதில் கெட்டிக்காரன். வலை பொத்துகிறவனுக்குப் போர்வை எம்மாத்திரம் என்பது என் கணக்கு.

சாந்தன் என் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "அத்தான், இதுக்குள்ளால சின்னச் சூடை மீன் இல்லை, சுறாவே போயிடும்."

"நூல்தான் சரியில்லையடா."

அதற்கு அவன் கொடுத்ததுதான் தங்கூசி. மீன்பிடிக்கிற நைலோன் நூல். பெரிய மீன் இழுத்தாலும் அறாது. (இதில் வலை கட்டுவதுதான் தடை. போர்வை தைப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.) கூடவே சாக்குத் தைக்கிற நீள ஊசி ஒன்றும் தந்தான். அதற்குப் பிறகு என் தையல் அறவில்லை. நேராகப் போகவுமில்லை, அது வேறு கதை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னறையில் மலைபோல் நின்ற மெஷினை என்ன செய்வது? தூக்கி ஒளிக்க ஏலாது. அதன்மேல் வெள்ளைத் துணியை விரித்து, நிறைகுடம் வைத்து, மாவிலை செருகி, தேங்காயும் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கைக் கொளுத்திவிட்டேன். விருந்தாளிக்கு மரியாதையும் ஆச்சு, மெஷினும் மறைஞ்சாச்சு. கைத்தொழிலாளி என்றால் இடுப்பில் கட்டம்போட்ட சாரம் கட்டி நிலத்தில் இருக்கவேண்டும் என்று நானே முடிவெடுத்து, போர்வையை மடியில் விரித்துக்கொண்டு பாயில் சம்மணம் போட்டு இருந்தேன். சாந்தன் கூத்துப் பார்க்கவென்றே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

ரேணுகா மிஸ் உள்ளே வந்ததும் நிறைகுடத்தைக் கண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். குசினி வாசலில் நின்ற வசந்தி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மிஸ் கதிரையில் அமர்ந்து நான் தைப்பதைப் பார்த்தார். நான் ஒவ்வொரு குத்துக்கும் பெருமூச்சு விட்டேன், அந்த மூச்சுத்தான் தையலுக்குள் போகிறது என்று அவருக்கு விளங்கவேண்டுமே. ஆழமாகவும் குத்தினேன். ஆத்மா மேலோட்டமாக இருக்கக்கூடாது.

கொஞ்ச நேரத்தில் மிஸ் குனிந்து, என் தையல் ஒன்றை விரலால் இழுத்துப் பார்த்தார். அவருடைய மோதிரம் அதற்குள் மாட்டிக்கொண்டது. அதைக் கழற்றி எடுத்துவிட்டு எழுந்தார்.

"குறை நினையாதேங்கோ. கைத்தையல் அருமையான சாமான். ஒழுங்காத் தைச்ச ஒண்டை என்ர வீட்டில எண்டா ஆசையா வைச்சிருப்பன். ஆனா இது ஹோட்டல். ஒவ்வொரு ஆள் போகவும் லோண்டரியில போட்டுக் கசக்கிப் பிழிவாங்கள். எல்லா அறையிலயும் ஒரே மாதிரியும் இருக்கோணும். எங்களுக்கு மெஷின் தையல்தான் வேணும். அண்டைக்குக் கையால எண்டு நீங்கள் சொன்னவுடனேயே எனக்கு மனம் விட்டுப்போச்சு. கஷ்டப்பட்டுக் கொண்டந்தனீங்கள் எண்டுதான் ஒருக்கா வந்து பாத்தனான்."

தேத்தண்ணித் தட்டோடு வந்த வசந்தி பாதி வழியில் நின்றாள். இன்னொரு மெஷின், ஸிப்பில்லாத வாழ்க்கை, எல்லாம் வாசலால் செருப்பு மாட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது. அனுப்பிவைத்தவன் நான்.

"மிஸ், நில்லுங்கோ!" என்று துள்ளி எழும்பினேன்.

போர்வையும் எழும்பியது. போர்வையோடு சாரமும் வேறு திசையில் கிளம்பியது. நான் ஆழமாகக் குத்திய ஆத்மா முழுக்க, மூன்று அடுக்கையும் தாண்டி, என் சாரத்துக்குள் இறங்கியிருந்தது. போர்வை பாரத்தில் கீழே இழுக்க, சாரம் அதன் பின்னால் போக, இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு பாயில் தொப்பென்று இருந்துவிட்டேன். பிய்த்துப் பார்த்தேன். தங்கூசி, அறுமா? கை அசைக்க முடியாத நிலையில் வாயைத்தான் அசைத்தேன்.

"வசந்தி, அந்தத் துணியை எடுமப்பா!"

அவள் தேத்தண்ணியை வைத்தாள். விளக்குகளை இறக்கினாள். நிறைகுடத்தைத் தூக்கிச் சாந்தனிடம் கொடுத்தாள். துணியை உருவினாள். சரஸ்வதி பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டு அழியாமல் மெஷின் நின்றது. அதன் முன்னால் உட்கார்ந்து, ஒரு மிச்சத் துணியில், அதே அலைத்தையலை ஒரு மூச்சில் ஓட்டிக் காட்டினாள்.

"அண்டைக்கு வந்த போர்வை இதில தைச்சதுதான், மிஸ். நான்தான் தைச்சனான்."

"அப்ப இவர்?"

"இவருக்குக் கதைக்க விருப்பம்."

மிஸ் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கடவுளே, இதையோ நான் கும்பிட்டனான்?"

"பரவாயில்லை மிஸ்," என்றாள் வசந்தி. "இந்த வீட்டில ஒழுங்கா வேலை செய்யிறது அதுதான்."

மிஸ் சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்து, ஓடரையும் வசந்தியிடமே சொல்லிவிட்டுத்தான் போனார். சாந்தன் மீன் வெட்டுகிற கத்தியைக் கொண்டுவந்து, வலையில் பட்டதைக் கழற்றுகிற நிதானத்தோடு, சாரத்தைச் சுற்றி வெட்டி என்னை வெளியே எடுத்தான்.

இப்போது முன்னறையில் மெஷின்கள் வரிசையாக நிற்கின்றன. நான் பின் விறாந்தைக்குக் குடிபெயர்ந்துவிட்டேன். என் கைத்தையல் போர்வையும் வீட்டில் இருக்கிறது, அடியில் கட்டம்போட்ட சாரத்துண்டோடு. எத்தனை முறை தோய்த்தும் ஒரு தையல் விடவில்லை. மாரிக்கு அதைத்தான் போர்த்துகிறேன். குத்தும், ஆனால் குறை சொல்ல வாய் திறக்க முடியாது.

அண்மையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மணமக்களை வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசும்படி ஒலிவாங்கியில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, வேட்டியைச் சரிசெய்து ஆயத்தமானேன். பின்வரிசையிலிருந்து சாந்தனின் குரல் வந்தது.

"அத்தான், பாத்து எழும்புங்கோ!"

மண்டபம் முழுக்கச் சிரித்தது. கதை தெரியாத மாப்பிள்ளைக்குப் பொம்பிளை காதுக்குள் சொல்ல, அவரும் சிரித்தார். பக்கத்தில் இருந்த வசந்தி மட்டும் சிரிக்காமல், என் வேட்டி விளிம்பைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்ப எழும்பலாம்," என்றாள்.