ஞாயிற்றுக்கிழமை வண்டு

சொந்தக் கையால் ஒரு கிடார் செய்தே தீருவது என்று நம்மவர் முடிவெடுத்தபோது அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. மரவேலையும் தெரியாது. ஆசைப்பட மட்டும் தெரியும். அந்த ஒரு வித்தையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

நம்மவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்களைச் சோதித்து, வில்லையைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்திக் கொடுப்பார். கொஞ்ச நாளாகச் சோதனைக்கு வந்தவர்கள் பாடு திண்டாட்டம். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்து முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அடுத்து என்ன என்று சொல்ல வேண்டியவர் அங்கே இருக்க மாட்டார். அவர் கண்ணுக்கு முன்னால் தேன் நிறத்தில் ஒரு கிடார் ஜன்னலோரம் சாய்ந்திருக்கும். சாயங்கால வெயில் அதன் வயிற்றின்மேல் படுத்துத் தூங்கும். யாரோ வாசிப்பார்கள். யார் என்று முகம் தெரியாது. முகத்தைப் பற்றி நம்மவர் கவலைப்பட்டதும் இல்லை.

கனவுக்குக் காசு வேண்டாம், கருவிக்கு வேண்டுமே. "வீட்டுச் செலவுல கை வைக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் சொல்வேன்" என்று மனைவி ஒரே வரியில் சட்டம் போட்டுவிட்டாள். அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். ஒரு பார்வை பார்த்தால் ஆளின் இடுப்பளவைச் சொல்லிவிடுவாள். பொய்யின் அளவைச் சொல்ல அந்தப் பார்வைகூட வேண்டாம்.

ஆகவே நம்மவர் சிக்கனமாக இறங்கினார். இரும்புச் சாமான் கடைக்காரர் பளபளவென்று ஒரு பெட்டி நிறைய உளிகளை எடுத்து வைத்தார்.

"இதுல எல்லா அளவும் இருக்கு சார்."

"நல்லதா ரெண்டு போதும். மத்ததைப் பெட்டியோட நீங்களே வச்சுக்குங்க."

"விவரமான ஆளுதான். ஒட்டின மரத்தை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் எத்தனை தரட்டும்?"

"ஒரு கிடாருக்கு எத்தனை வேணும்?"

"எத்தனை வாங்கினாலும் ஒண்ணு குறையும் சார்."

விலையைக் கேட்டதும் நம்மவர் கிளாம்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டார். பழைய சாமான் கடையில் துருப்பிடித்த இழைப்புளி ஒன்று கிடைத்தது. கண்ணாடிக் கடையில் மிஞ்சிய தடிக் கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை ஒட்டி, அதில் தேய்த்துத் தேய்த்து அதன் அலகை முகம் பார்க்கிற பதத்துக்குக் கொண்டுவந்தார். தேய்ப்பது அவர் தொழிலாயிற்றே. பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டி, ஒட்டிய மரத்தை இறுக்கிக் கட்ட வைத்துக்கொண்டார். கிளாம்புக்கு மாற்றும் வீட்டிலேயே, கொடியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க, கொடியில இருந்த கிளிப்பெல்லாம் எங்க?"

"எந்தக் கிளிப்?"

"துணி கிளிப். உங்க சட்டை பறந்து போய் எதிர்வீட்டு மாடியில உட்கார்ந்திருக்கு."

"காத்து ஜாஸ்தி போல."

"காத்து சட்டையைத் தூக்கும். கிளிப்பைக் கழட்டி உங்க பட்டறையில வரிசையா அடுக்கியுமா வைக்கும்?"

பட்டறை என்று அவள் சொன்னது பின்னறையில் ஒரு மூலையை. மெல்லிய மரப்பட்டையைப் பசை போட்டு ஒட்டும்போது துணி கிளிப் எத்தனை பாந்தமாகக் கடித்துப் பிடிக்கிறது என்பது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

கழுத்துக்கும் பக்கங்களுக்கும் முதுகுக்கும் மரம் சேர்ந்துவிட்டது. தச்சுப் பட்டறைகளில் மிஞ்சியதைப் பேரம் பேசி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். பாக்கி முகப்பலகை. கிடாருக்கு உயிரே அதுதான். மரக்கடையில் அதன் விலையைக் கேட்டபோது நம்மவருக்கே பார்வை மங்கியது. கடைக்காரர் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்.

"பழைய மரமா பாருங்க சார். வருஷக்கணக்கா காஞ்சது எங்கேயாவது சும்மா கிடக்கும். விரலால தட்டிப் பாருங்க. தொம்முனு சொன்னா அலமாரிக்கு. கணீர்னு சொன்னா கிடாருக்கு."

அன்றிலிருந்து நம்மவர் கண்ணில் பட்ட மரத்தையெல்லாம் தட்டிக் காதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார். கதவு தொம். சாப்பாட்டு மேஜை தொம். தையல் மிஷின் பலகையைத் தட்டியபோது மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"வீடு பூரா தட்டிக்கிட்டுத் திரியறீங்களே, கதவுக்கெல்லாம் காய்ச்சலா?"

"சும்மாதான்."

"சும்மா இருக்கிற நேரத்துல இதையும் கேளுங்க. அண்ணன் வீட்டுல அம்மா இன்னும் மடக்குக் கட்டில்லதான் படுக்கிறாங்களாம். காலையில எழுந்திரிச்சா இடுப்பு பிடிச்சுக்குதாம். அங்க ஒரு நல்ல கட்டில் வேணும்."

"பார்க்கலாம்" என்றார் நம்மவர். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது அந்த வீட்டில் இருவருக்குமே தெரியும்.

மாமியார் இங்கே வந்தால் படுக்கிற கட்டில் பின்னறையிலேயே கிடந்தது. மாமனார் காலத்துச் சாமான். ஒரு நாள் உளியை எடுக்கக் குனிந்தவர், போகிற போக்கில் அதன் தலைமாட்டுப் பலகையில் ஒரு சுண்டு சுண்டினார்.

கணீர் என்றது.

அந்த ஓசை உடனே அடங்கவில்லை. அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு, அவர் நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்தது. நம்மவர் தரையில் அமர்ந்து பலகையில் கன்னத்தை வைத்துக்கொண்டார். அகலமான ஒற்றைப் பலகை. தலைவாரி விட்டது போல நேர் நேரான ரேகை. இத்தனை வருஷமாக மாமியாரின் தலைக்குப் பின்னால் ஒரு கிடார் சத்தம் போடாமல் படுத்திருக்கிறது என்று நினைக்கையில் அவர் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

கேட்டால் கிடைக்காது. அப்பா வாங்கிய கட்டிலை அறுப்பதற்கு எந்த மகள் சம்மதிப்பாள்? கட்டிலே உதவாது என்று ஆகிவிட்டால் மட்டும்தான் வழி. அப்படி ஆக ஒரு வண்டு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, தைத்த துணிகளைக் கொடுக்க மனைவி வெளியே போன நேரத்தில் வண்டு வேலையைத் தொடங்கியது. கைத் துளைப்பானில் இருப்பதிலேயே மெல்லிய ஊசியை மாட்டிக் கட்டில் கால்களிலும் பக்கச் சட்டங்களிலும் பொடிப்பொடியாக ஓட்டை போட்டார். கீழே மரத்தூளைக் கொஞ்சம் சிந்தினார். அடுத்த ஞாயிறும் அதே. தலைமாட்டுப் பலகையின் பக்கம் போகும்போது மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருட்டு என்பார்கள். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிற பூனைக்கும் அதே நினைப்புதான்.

"இங்க வந்து பாரேன், இந்தக் கட்டிலை வண்டு துளைச்சிருக்கு" என்று, அவள் வீடு திரும்பியதும் துக்க வீட்டுக் குரலில் கூப்பிட்டார்.

மனைவி வந்தாள். மண்டி போட்டு உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து ஓர் ஓட்டைக்குள் விட்டாள். கொண்டை வரை நேராக இறங்கியது. அடுத்த ஓட்டையிலும் அப்படியே.

"எல்லாம் ஒரே அளவா இருக்கே?"

"ஒரே குடும்பத்து வண்டா இருக்கும்."

"கோணல் மாணல் இல்லாம நேரா வேற துளைச்சிருக்கு."

"அதுங்களுக்கு அது தொழில்தானே?"

"தலைமாட்டுப் பலகையை மட்டும் விட்டு வச்சிருக்கே?"

"அது... அந்த மரம் அதுக்குப் பிடிக்காது போல."

"நல்ல ரசனையுள்ள வண்டு" என்று சொல்லிவிட்டு அவள் குண்டூசியைத் துடைத்து மறுபடி தலைப்பில் குத்திக்கொண்டாள். சிரித்தாளா என்று நம்மவர் கவனிக்கவில்லை. அவர் கண்கள் பலகையின்மேல் இருந்தன.

"அப்ப அம்மாவை இதுல படுக்க வைக்க முடியாது, இல்லங்க?"

"கூடவே கூடாது. திடீர்னு உடைஞ்சு விழுந்தா என்ன ஆகிறது?"

"அடுத்த மாசம் வராங்களே. புதுசு வாங்கலாம்னா வீட்டுச் செலவுல கை வைக்கக் கூடாது. நான் போட்ட சட்டம்." கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றாள். "உங்ககிட்டதான் கருவியெல்லாம் இருக்கே. மரமும் சேர்த்து வச்சிருக்கீங்க. நீங்களே ஒண்ணு செஞ்சுடுங்களேன்."

"அது கிடாருக்கு வாங்கின மரம்."

"மரத்துக்குத் தெரியுமா அது எதுக்குன்னு? புதுக் கட்டில் வந்துட்டா, அப்புறம் இந்தப் பழசுக்கு நம்ம வீட்டுல என்ன வேலை?"

அந்தக் கேள்வி நம்மவர் காதில் வீணையாக விழுந்தது. பழசுக்கு வேலை இல்லை. அப்படியென்றால் பலகை நமக்கு. கழுத்துக்கும் முதுகுக்கும் மரம் மறுபடி தேடிக்கொள்ளலாம், அந்தக் கணீரை எங்கே தேடுவது? தலையாட்டிவிட்டார்.

கிடார் பிடிக்கக் கட்டிலாய் முடிந்தது. கழுத்துக்கு வைத்திருந்த மரம் கட்டில் கால் ஆனது. முதுகுக்கு வைத்திருந்தது பக்கச் சட்டம். ஒவ்வொரு ஞாயிறும் இழைப்புளியிலிருந்து மரச்சுருள் எழும்பிச் சுருண்டு விழும். ஜன்னல் வெயிலில் தூசி பொன்னாக மிதக்கும். அந்த வெளிச்சத்தில் நம்மவர் எத்தனையோ கச்சேரிகளைக் கேட்டார். கை தானாகப் பழகியது. புதுத் தலைமாட்டுக்கு என்று கிடைத்த பலகையைத் தட்டிப் பார்த்தார், தொம் என்றது. அதை அப்படியே விட அவருக்கு மனம் வரவில்லை. இழைத்து மெல்லிசாக்கினார். பின்பக்கம், கிடாரின் வயிற்றுக்குள் ஒட்டுவது போல, விசிறி விசிறியாகப் பட்டைகளை ஒட்டித் துணி கிளிப்பால் கடிக்க வைத்தார். காய்ந்ததும் தட்டினார். கணீர் இல்லை, ஆனால் அதற்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கட்டில் முடிந்த அன்று மனைவி அதன் விளிம்பில் கையை ஓட்டிப் பார்த்தாள். "நிஜமாவே அழகா இருக்குங்க" என்றாள். நம்மவருக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்த ஒரு காரியத்தை அவள் குறை சொல்லாமல் பார்த்தது அன்றுதான்.

அந்த ஞாயிறு மாமியார் வருவதாக இருந்தது. நம்மவர் காலையிலேயே புறப்பட்டுப் போய் ஒரு செட் கிடார் கம்பி வாங்கினார். கிடார் இல்லாமல் கம்பி எதற்கு என்று கடைக்காரர் கேட்கவில்லை, நல்ல மனிதர். கம்பிப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நடக்கிறோமா மிதக்கிறோமா என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தார்.

பின்னறையில் புதுக் கட்டிலின்மேல் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. கட்டில் அசையவே இல்லை. இங்கேயே இருந்துடலாம்போல இருக்கு."

"இருங்க அத்தை" என்றார் நம்மவர் வாய். கண்கள் அறையைத் துழாவின. நான்கு மூலையும் காலி.

சமையலறைக்கு ஓடினார்.

"பழைய கட்டில் எங்க?"

"அண்ணன் வேன்ல அம்மாவைக் கொண்டாந்து விட்டாரு. திரும்பிப் போற வண்டி சும்மாதானே போகுது, ஏத்தி விட்டுட்டேன். இனிமே அம்மாவுக்கு அங்கேயும் ஒரு நல்ல கட்டில் ஆச்சு."

"அதுல வண்டு இருக்கே! மச்சான் வீடு பூரா பரவிடாதா?"

"பரவாதுங்க." அவள் அடுப்பைத் தணித்துவிட்டு நிதானமாகத் திரும்பினாள். "அது ஞாயித்துக்கிழமை மட்டும் துளைக்கிற வண்டு. அதுவும் நான் வீட்டுல இல்லாதப்ப மட்டும். எங்க அண்ணன் வீட்டுக்கு அது போகாது. ஓட்டையை எல்லாம் மெழுகு வச்சு அடைச்சுட்டேன்."

நம்மவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிட்டதாக ஞாபகம். என்ன சாப்பிட்டார் என்று ஞாபகமில்லை. அந்தப் பலகை இந்நேரம் எந்தச் சாலையில் போய்க்கொண்டிருக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழும்போது எப்படிக் கணீர் கணீரென்று சொல்லிக்கொண்டு போகும் என்று நினைத்து நினைத்து உருகினார். நிஜமாகவே அவருக்கு அழுகை வந்தது.

மதியம் மாமியார் தூங்கப் போனார். தெரு அடங்கியது. ஜன்னலில் வெயில் சாய்ந்தது. அப்போது பின்னறையிலிருந்து ஒரு நாதம் கிளம்பியது. கனமான, தேன் நிறத்தில் ஒரு நாதம். மேலே ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, குழைந்து இறங்கியது. நம்மவர் எழுந்து நின்றுவிட்டார். கனவில் கேட்ட அதே ஓசை. மெல்ல நடந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தார். சாயங்கால வெயில் புதுக் கட்டிலின்மேல் படுத்திருந்தது. மாமியார் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் இழைத்து மெலிதாக்கிப் பட்டை கட்டிய தலைமாட்டுப் பலகை அந்தக் குறட்டையை வாங்கிப் பன்மடங்காக்கி வீடு முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கனவில் தெரியாத முகம் இப்போது தெளிவாகத் தெரிந்தது.

கூடத்தில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"ஆசைப்பட்ட சத்தம் வந்துடுச்சு இல்லங்க? பையில இருக்கிற கம்பியில கைக்குட்டை காயப்போடலாம், மாடியில கட்டிடுங்க. என் கிளிப்பையும் மறக்காம மாட்டிடுங்க."