மிளகாய் நாற்றுக்கு மேடை விளக்கு

நிறத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று உண்டு. என் மனைவி முத்துலட்சுமி அந்தக் காலத்தை "ஜீப்பு வர்றதுக்கு முன்னாடி" என்று குறிப்பிடுவாள்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது என் வேலை. ஒரு சிவப்பில் எவ்வளவு மஞ்சள் கலந்திருக்கிறது என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். (சொன்னது சரிதானா என்று யாரும் சோதித்ததில்லை.) அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

என் தங்கை பேச்சியம்மாள் அச்சங்குளத்தில் இருக்கிறாள். பல வருடம் பட்டாசு வேலைக்குப் போனவள். ஒரு நாள் அவள் வேலை பார்த்த ஆலையில் பக்கத்து அறை வெடித்தது. இவள் ஓடித் தப்பினாள். தினமும் ஒரே வேனில் போய்வந்த இரண்டு பெண்கள் திரும்பவில்லை. அதன் பிறகு அவள் அந்தப் பக்கமே போகவில்லை. கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து மிளகாய் போட்டாள். முதல் வருடம் பாவிய நாற்று முழுக்க வெயிலில் கருகிப்போனது.

மறு வருடம் ஆடி பிறந்ததும் நான் வாக்குக் கொடுத்தேன். "நாத்த எங்கிட்ட விட்டுரு. வீட்டுக்குள்ள லைட்டு போட்டு வளத்துத் தாரேன்."

"வெயிலே இல்லாமயா அண்ணே?"

"இப்பல்லாம் லைட்டுதான் வெயிலு."

அவள் நம்பினாள். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

கைபேசியில் ஒரு படம் பார்த்திருந்தேன். வெளிநாட்டில் யாரோ ஒருவர் அறைக்குள் செடி வளர்க்கிறார்; அறை முழுக்க ஊதா வெளிச்சம். அந்த ஊதாவை மனதில் குறித்துக்கொண்டு எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். முத்துலட்சுமியும் வந்தாள். கடைக்காரர் எந்த விளக்கைப் போட்டுக் காட்டினாலும், "சிவப்பு கூடிருச்சு", "நீலம் பத்தல" என்று ஒதுக்கினேன். கடைசியில் ஓர் ஊதா விளக்கு பிடித்தது.

கடைக்காரர் தயங்கினார். "அண்ணாச்சி, இது கல்யாண மண்டபத்து மேடைக்குப் போடுறது. செடிக்குன்னா சாதா வெள்ள டியூப்லைட்டு போதும். நாத்துக்கு மேல ஒரு சாண் உசரத்துல தொங்க விடுங்க. எங்க வீட்டுல அப்படித்தான் வச்சிருக்கோம்."

"கேட்டீகளா? வெள்ள லைட்டே போதுமாம்" என்றாள் முத்துலட்சுமி.

வெள்ளை ஒரு நிறமே இல்லை என்று இருவருக்கும் விளக்கம் கொடுத்தேன். கடைக்காரர் ஊதா விளக்குகள் நான்கைக் கட்டிக்கொடுத்தார்.

தெருவைப் பார்த்த அறையைக் காலி செய்தேன். அச்சகத்தில் வெளி வெளிச்சம் பட்டால் நிறம் கெடும் என்பது என் பாடம். ஆகவே ஜன்னலைக் கறுப்புத் தாளால் அடைத்தேன். வெளிச்சம் வீணாகாமல் இருக்க, அச்சகத்தில் கழித்த வெள்ளித் தாளைச் சுவரெங்கும் ஒட்டினேன். தென்னை நார்த் தூளும் வேப்பம் புண்ணாக்குத் தூளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. விளக்குகளை உத்தரத்தில் கட்டினேன், மேடைக்குக் கட்டுவதுபோல. குழித்தட்டுகளில் விதை ஊன்றி, கதவைச் சாத்தி, உள்ளே யாரும் போகக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

எதிர்வீட்டில் அன்னத்தாய் அக்கா. கணவர் இல்லை, தனியாக இருக்கிறவர். அதிகம் பேச மாட்டார். நான் மூட்டை இறக்கிய அன்று தன் வாசலில் நின்று கேட்டார்.

"என்ன தம்பி, மூட்ட மூட்டயா எறக்குறீக?"

"தூளுதான்க்கா."

"சன்னல எதுக்கு அடச்சிருக்கீக?"

"அதெல்லாம் சொன்னாப் புரியாது. சீசனுக்குள்ள ரெடி ஆகணும்."

தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, சிவகாசியில், ஒரு மனிதன் சொல்லக் கூடாத பதில் அது. நான் நடவு சீசனைச் சொன்னேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விதைகள் முளைத்தன. நாளுக்கு நாள் உயர்ந்தன. இலையைக் காணோம், தண்டு மட்டும் வெளுத்து, நூலாக நீண்டுகொண்டே போயிற்று. "வளத்தியப் பாரு" என்று பெருமையாகத் தங்கையிடம் போனில் சொன்னேன். இரண்டாவது வாரம் எல்லாம் தலைசாய்ந்து படுத்துவிட்டன. அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் மூன்றாவது இட்லியில் இருந்தேன். வாசலில் ஜீப் நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள், வருவாய்த் துறையிலிருந்து ஓர் அதிகாரியம்மா. கையைக் கழுவ விடவில்லை. மெயின் சுவிட்சை அணைத்தார்கள். தெருவில் எல்லோரையும் வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு, ஜனம் தெருமுனைக்கு ஓடியது. எங்கள் ஊரில் அப்படி ஓடுவதற்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

"உள்ள என்ன மருந்து வச்சிருக்கீங்க?" என்றார் அதிகாரியம்மா.

"மருந்தே அடிக்கல மேடம். இயற்கை முறை" என்றேன். அவர் வெடிமருந்தைக் கேட்டார், நான் பூச்சிமருந்தைச் சொன்னேன்.

மணல் வாளியோடு ஒருவர் பின்னால் நிற்க, கதவைத் தள்ளினார்கள். டார்ச் வெளிச்சம் வெள்ளித் தாளில் பட்டுச் சிதறியதும் முன்னால் போன போலீஸ்காரர் ஒரு எட்டு பின்வாங்கினார். பிறகு வெளிச்சம் தரைக்கு இறங்கியது. வெந்த சேமியா மாதிரி இரண்டாயிரம் நாற்றுகள் படுத்துக் கிடந்தன.

அதிகாரியம்மா குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். "என்ன இது?"

"மெளகா நாத்து."

"இதா?"

அவர் உத்தரத்தைப் பார்த்தார். "லைட்டை அம்புட்டு உசரத்துல கட்டுனா அது என்னதான் செய்யும்? எட்டி எட்டிப் பாத்து ஓஞ்சு போச்சு." அதுவரை மிடுக்காகப் பேசியவர் அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரராகிவிட்டார்.

ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். தெரு திரும்பி வந்தது. வந்தவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரமாக இருந்தது. எவன் போட்ட மொட்டைப் புகார் என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன்.

அன்னத்தாய் அக்கா தெருவைக் கடந்து வந்தார். "நாந்தான் தம்பி போன் போட்டேன்."

நான் படியிறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

"எங்க வீட்டுக்காரரு திருட்டுத்தனமா வெடி சுத்தப் போன வீட்டுலயும் இப்படித்தான் சன்னல அடச்சிருந்தாக. பக்கத்து வீட்டுக்காரி கேட்டதுக்கு சீசன் வேலைன்னுதான் இவரு சொன்னாராம். அவ சும்மா இருந்துட்டா. அந்த வீடு வெடிச்சுத்தான் அவரு போனாரு. என்னால சும்மா இருக்க முடியல."

முத்துலட்சுமி அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நான் அறைக்குள் போய் ஜன்னலில் ஒட்டிய கறுப்புத் தாளைக் கிழித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலை அச்சங்குளம் போய்த் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "எங்கிட்டயாச்சும் மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

மறுபடி விதை ஊன்றினோம். இந்த முறை வெள்ளை டியூப்லைட்டு, நாற்றுக்கு மேல் ஒரு சாண். நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்தினோம். காலையில் போட்டால் பதினான்கு மணி நேரம் எரியும். கட்டையாக, கரும்பச்சையாக வந்தது. கடைசி வாரம் வெயில் பழக்க வேண்டியிருந்தது. தினமும் தட்டுகளைத் தன் முற்றத்துக்குத் தூக்கிப்போய், இளவெயிலில் வைத்து, ஏறுவெயிலுக்கு முன்னால் கொண்டுவந்து கொடுத்தது அன்னத்தாய் அக்காதான். நடவு பிந்தியது, நல்ல வேளையாக மழையும் பிந்தியது. தங்கை இன்றைக்கும் மிளகாய்தான் போடுகிறாள்.

அந்த மிளகாய்க்கு எங்கள் குடும்பத்தில் 'ரெய்டு வத்தல்' என்று பெயர். விசேஷ வீடுகளில் யாராவது எடுத்துக் கொடுத்தால் போதும், முத்துலட்சுமி இட்லியிலிருந்து தொடங்குவாள். ஆனால் அன்னத்தாய் அக்கா வந்தால் நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம். போன பொங்கலன்று அப்படித்தான், பாதிக் கதையில் அவர் உள்ளே வந்தார். எல்லோரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம்.

அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். "ஏன் நிறுத்திட்டீக?" என்று கேட்டபடி தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார். "அதான் எல்லாரும் முழுசா இருக்கோம்ல. சொல்லுங்க."

சொன்னோம்.