பத்துப்பாகத்தாரின் இடது காது

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், பாட்டே போடாமல் ஒரு இயர்போனின் தரத்தைச் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் பிறகு அப்படி ஒருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் முதலில் என் கடைக்குத்தான் வந்திருப்பார், எனக்குத் தெரிந்திருக்கும்.

பெருமைக்குச் சொல்லவில்லை. காதுக்குள் செருகுகிற உயர்ந்த ரக இயர்போன் என்று கேட்டால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சைக்கிள் கரியரில் டோர்ச் பற்றறி கட்டி விற்கத் தொடங்கியவன். இன்று துறைமுகத்துக்குப் போகிற வீதியில் கண்ணாடி அலுமாரி வைத்த கடை. உப்புவெளி விடுதிகளில் தங்குகிற வெள்ளைக்காரர்கள் கடலில் குளித்து இயர்போனைத் தொலைத்துவிட்டு என்னிடம்தான் ஓடி வருவார்கள். நான் பேசுகிற இங்கிலீசு அவர்களுக்கு விளங்காது, அவர்கள் பேசுவது எனக்கு விளங்காது. ஆனால் ஒருவராவது வெறுங்கையோடு திரும்பியதில்லை.

அந்த அலுமாரிக்கு முன்னால் ஒருநாள் வந்து நின்றவர்தான் பத்துப்பாகத்தார். கிண்ணியாக்காரர். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும், ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எனக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன். சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கிய சுழியோடி. இரண்டு கையையும் விரித்து நின்றால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை ஒரு பாகம். அப்படிப் பத்துப் பாகம் மூச்சடக்கி இறங்குவேன் என்று வாலிபத்தில் வாய் விட்டார். வாய்விட்டது பெயராக ஒட்டிக்கொண்டது. கடைசியில் கடல் அவருடைய வலது காதை முழுதாகவும் இடது காதில் பாதியையும் எடுத்துக்கொண்டது. இனிமேல் தலை நனையவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அவருக்கு எதற்கு இயர்போன் என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்குத் தெரியாது. முன்னமே சொல்லிவிடுகிறேன். தாயில்லாமல் வளர்ந்த ஒரே மகளுக்கு அவர் நிக்காஹ் பேசி வைத்திருந்தார். அன்றைக்கு மகளின் வாயிலிருந்து வருகிற ஒரு சொல் அந்தப் பாதிக் காதில் விழ வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதை என்னிடம் சொல்லுவதற்கு அவருக்கு மாதக்கணக்கானது. அதற்குள் கரைச்சலுக்கு மேல் கரைச்சல் தந்து என் கடையை ஒரு வழி பண்ணிவிட்டார்.

"முதலாளி, இந்தக் கண்ணாடிக்குள்ள இரிக்கிறதில எது நல்லா மூடும்?" இதுதான் முதல் நாள் கேள்வி.

"காக்கா, இது பாட்டுக் கேக்கிற சாமான். போத்தல் மூடியில்ல."

"பாட்டு ஆருக்கு வேணும்? எடுங்க பாப்பம்."

எடுத்துக் கொடுத்தேன். போனில் கொழுவவில்லை, ஒன்றுமில்லை. இரண்டு காதிலும் செருகி, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு கதிரையில் சிலை மாதிரி இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொன்னார்: "நாலு பாகம். அடியில மணல் கலங்குது."

அன்றிலிருந்து என் கடைச் சாமானெல்லாம் பாகக் கணக்கில்தான். வெள்ளைத் தண்டு வைத்த இயர்போன் ஒன்று, உலகமே அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறது, அதற்கு அவர் சொன்னது, "முழங்கால் தண்ணி. பொம்புளப் புள்ளைகள் கால் கழுவலாம்." உலோகக் கூட்டுக்குள் நாலைந்து குட்டி ஸ்பீக்கர் அடுக்கிய வயர் இயர்போன்: "ஆழம் இரிக்கு, ஆனா விளிம்பு காதை அறுக்குது. பாறைக்குள்ள தலைய விட்ட மாதிரி." பஞ்சு போல் அமுங்கி விரிகிற நுனி வைத்த கறுப்பு உருண்டை: "ஒன்பது பாகம்! சங்கு கிடக்கிற இடம் முதலாளி இது!" அந்தக் கறுப்பு உருண்டையில் வெளிச்சத்தத்தை அறவே அடக்குகிற பட்டனை நான் அமத்தியதும் மனிதர் அலுமாரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தண்ணீரை விட்டு வெளியேறி வருஷங்களான மனிதர். அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இந்தக் கணக்கு எனக்குப் பிடித்துப்போய், வெள்ளைக்காரர்களிடமும் "திஸ் செவன் பாகம், சேர்" என்று சொல்லி விற்றேன். அவர்களும் தலையாட்டி வாங்கிப் போனார்கள்.

காதில் நன்றாகப் பொருந்துகிறதா என்று பார்க்க அவரிடம் வேறு சோதனைகள் இருந்தன. ஒன்று கச்சான் சோதனை. வறுத்த கச்சானை, அதுதான் நிலக்கடலையை, வாய் நிறையப் போட்டு மெல்லுவார். தாடை அசையும்போது காதடைப்பு விட்டுப்போனால் அந்த இயர்போன் தோல்வி. மற்றது குத்துக்கரணச் சோதனை. சுழியோடி தலைகீழாக இறங்குவது போல வாங்கிலிலிருந்து தலையைக் கீழே தொங்கப்போட்டு, நனைந்த ஆடு மாதிரி உதறுவார். வெள்ளைத் தண்டு இரண்டும் பறந்து போய் ஒருநாள் ஒரு அம்மாவின் மரக்கறிப் பையில் விழுந்தன. பூசணிக்காய்க்குக் கீழே தேடி எடுத்தோம்.

இன்னொரு நாள் கறுப்பு உருண்டையோடு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் கூடுதலாகவே அடக்கிவிட்டார். முகம் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. போன் கவர் வாங்க வந்த ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் கைப்பையை எறிந்துவிட்டுப் பாய்ந்து, அவரை நிலத்தில் கிடத்தி, நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துவிட்டார். பத்துப்பாகத்தார் கண்ணைத் திறந்தார்.

"ஆரம்மா நீங்க? அடியில நிண்டனான், இப்பிடியா இழுத்துப் போடுறது?"

"உங்களுக்கு மூச்சு நிண்டிட்டுது ஐயா!"

"நிக்கல்ல. நான்தான் நிப்பாட்டினனான்."

தாதி என்னைப் பார்த்த பார்வையில் நான் கவரைச் சும்மாவே கொடுத்துவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பின்னேரம், என் கடையின் ஸ்டாண்ட் ஃபேன் அடியோடு சாய்ந்து விழுந்தது. வீதியில் போனவர்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த பத்துப்பாகத்தார் அமைதியாகக் கச்சான் உரித்துக்கொண்டிருந்தார். காதில் இயர்போனும் இல்லை.

நான் முன்னால் போய்க் குந்தினேன். "காக்கா, சத்தம் கேக்கல்லையா?"

என் வாயையே பார்த்தார். பிறகு கச்சான் கோதைக் கையில் பொத்திக்கொண்டு சொன்னார். "வலது காது போய்ட்டுது முதலாளி. இடதும் போய்க்கொண்டிரிக்கு. ஆருக்கும் சொல்லல்ல."

"ஆஸ்பத்திரியில மெஷின் தருவாங்களே?"

"தந்தாங்க. மீன் செவுள் மாதிரிப் பின்னால தொங்குது. அத வைச்சா நான் செவிடன். இத வைச்சா ஸ்டைல்காரன். ஊர் என்ன சொல்லுது? கிழவனுக்கு வயசு போன நேரத்தில பாட்டுப் பைத்தியம் எண்டு. சொல்லட்டும். அதுதான் வேணும்."

அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. எங்கள் நிக்காஹ் வழக்கம் தெரியாதவர்களுக்கு: சடங்குக்கு முன்னால் தகப்பன் இரண்டு சாட்சிகளோடு மணப்பெண் இருக்கிற அறைக்குப் போய், இந்த மாப்பிள்ளை உனக்குச் சம்மதமா என்று கேட்க வேண்டும். பெண் வெட்கத்தில் வாய் திறக்காவிட்டால், பேசாமலிருப்பதே சம்மதம் என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்வதுண்டு.

"என்ட கூடப்பிறந்த ராத்தாட்டயும் அப்பிடித்தான் கேட்டாங்க," என்றார். "அவ வாய் திறக்கல்ல. சம்மதம் எண்டு வெளியில வந்து சொன்னாங்க. நான் சின்னன், கதவடியில நிண்டு அவட முகத்தப் பாத்தவன். அது வெக்கம் இல்ல. அந்த மனிசனோட இரிந்து மௌத்தாகும் வரைக்கும் அவ சிரிச்சு நான் காணல்ல. இப்ப என்னப் பாருங்க. செவிடனுக்கு எல்லாருமே பேசாமத்தானே இரிக்காங்க? என்ட மகள் ஏலாது எண்டு சொன்னாலும் நான் வெளியில வந்து சம்மதம் எண்டு சொல்லிருவன்."

"வீட்டில வைச்சுக் கேக்கலாமே காக்கா?"

"கேட்டனான். தலையக் குனிஞ்சிட்டு என்னமோ சொல்றாள், உதடு தெரியுதில்ல. சத்தமாச் சொல்லு எண்டா காது போனது விளங்கிரும். மாப்பிள்ளைக்குக் கட்டாரில வேல. கூட்டிக்கொண்டு போகப்போறான். வாப்பாக்குக் காது கேக்காது எண்டு தெரிஞ்சா அவள் கலியாணமே வேணாம் எண்டு நிண்டிருவாள்."

நான் போய் ஃபேனைத் தூக்கி நிறுத்தினேன்.

நன்றாக மூடினால் மற்றச் சத்தமெல்லாம் போய் மகளின் குரல் மட்டும் மிஞ்சும் என்று அதுவரை நினைத்திருந்தாராம். அடுத்த நாளிலிருந்து சோதனை தலைகீழாக மாறியது. இந்த உயர்ந்த ரகங்களில் இன்னொரு வித்தை இருக்கிறது. தட்டினால் வெளிச்சத்தத்தை அடக்காமல், அதைப் பெருப்பித்து உள்ளே அனுப்பும். இனி ஆழம் வேண்டாம், மேலே வர வேண்டும். யாருடைய குரலை வைத்துப் பார்ப்பது? கடையில் வேலைக்கென்று வேறு ஆளில்லை. நான்தான் மணப்பெண்.

"முதலாளி, அந்த ஸ்டோர் வாசல் திரைக்குப் பின்னால போங்க. வெக்கப்பட்டுச் சொல்லுங்க."

"ஓம் வாப்பா."

"வெக்கம் காணாது. நீங்க கடன்காரனோட கதைக்கிற மாதிரி இரிக்கு."

என் வயதையும் வயிற்றையும் பார்த்தவர்கள் நினைத்துப் பாருங்கள். திரைக்குப் பின்னால் நின்று, குரலைக் குறைத்து, தலையைக் குனிந்து, "ஓம் வாப்பா, ஓம் வாப்பா" என்று நான் சொல்ல, முன்னால் சார்ஜர் வாங்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கறுப்பு உருண்டையில் என் "ஓம்" காற்றுக்குள் இரைந்து வந்ததாம். ஜப்பான்காரன் செய்த இன்னொன்றில் தகரப் பேணிக்குள்ளிருந்து பேசியது போல இருந்ததாம். எல்லாவற்றையும் வென்றது முழங்கால் தண்ணி என்று அவர் ஏசிய அந்த வெள்ளைத் தண்டுதான். "இதிலதான் மனிசன்ட குரல் மனிசன்ட குரலா இரிக்கு," என்றார். ஆனால் அது காதில் நிற்காது. கடலில் சிதைந்த காதல்லவா, உள்ளே வளைவு.

அந்தப் பிரச்சினையை முடித்தவன் நான். கறுப்பு உருண்டையின் பஞ்சு நுனியைக் கழற்றி, பிளேடால் சீவி, வெள்ளைத் தண்டில் மாட்டினேன். பெரிய கம்பனிக்காரனுக்குத் தோன்றாதது ஐந்தாம் வகுப்புக்காரனுக்குத் தோன்றியது. கச்சான் சோதனை, பாஸ், சித்தி. குத்துக்கரணம், சித்தி. வலது காதுக்குப் பயனில்லை என்றாலும் அதிலும் ஒன்றை வைத்துக்கொண்டார். "ஒத்தக் காதில வைச்சா ஸ்டைல் இல்ல," என்றார்.

நிக்காஹ் கிண்ணியாவில் அவர் வீட்டில். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார். மற்றச் சாட்சி அவருடைய தம்பி. மாப்பிள்ளை வீட்டார் வந்து பந்தலில் இருந்தாயிற்று. மகளிடம் கேட்பதற்காக நாங்கள் மூவரும் எழும்பினோம். அவருக்குப் புதுச் சாரம், புதுத் தொப்பி, இரண்டு காதிலும் வெள்ளைத் தண்டு.

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார்: "என்ன காக்கா, பெத்த மகள்ட நிக்காஹ்விலயும் பாட்டா? அதக் கழட்டிட்டுப் போறது!"

சிலர் சிரித்தார்கள். மௌலவியும் அவரைப் பார்த்து, "கொஞ்ச நேரம் கழட்டி வைங்க," என்று தன்மையாகச் சொன்னார்.

பத்துப்பாகத்தாரின் கை காதுவரை போனது. அங்கேயே நின்றது. எனக்குத் தெரியும் அவர் என்ன நினைத்தார் என்று. கழற்றினால் மானம் மிஞ்சும், மகளின் சொல் போய்விடும். கையைக் கீழே விட்டார்.

"பாட்டில்ல மௌலவி," என்றார். செவிடர்கள் பேசுகிற மாதிரித் தேவைக்கு மேல் சத்தமாக. "எனக்குக் காது கேக்காது. மகள் சொல்றது கேக்கணும், அதுக்குத்தான்."

அந்த மாமா தன் பாதணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மௌலவி எழும்பி வந்து, அவர் தோளைப் பிடித்து, "வைச்சுக்கொண்டே போங்க காக்கா," என்றார்.

அறைக்குள் பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மகள் கட்டில் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அறைக்கும் பந்தலுக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். வெளியே சொன்னது அவளுக்கும் கேட்டிருக்கும். தகப்பன் முறைப்படி கேட்டார். அவள் முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி, முகத்தை நேராக நிமிர்த்தி, உதடு நன்றாகத் தெரியும்படி, அந்த வீட்டுக் கூரை அதிர, "ஓம் வாப்பா! எனக்குச் சம்மதம்!" என்று கத்தினாள். அவள் நிமிர்ந்த விதத்தைப் பார்த்ததும், காது போனது அவளுக்கு எப்போதோ தெரியும் என்று எனக்கு விளங்கிவிட்டது.

பின்வளவில் புரியாணிச் சட்டியடியில் நின்ற சமையல்காரன், "எங்களுக்கும் கேட்டிட்டுது காக்கா!" என்று குரல் கொடுத்தான். பந்தல் முழுக்கச் சிரித்தது.

பத்துப்பாகத்தார் சிரிக்கவில்லை. "கத்தாத மகள்," என்றார். "நல்ல சாமான் வைச்சிரிக்கன். மெல்லமாச் சொல்லு."

அவள் மெல்லமாகச் சொன்னாள். ஒரு சொல்லில்லை, நாலைந்து சொல். சாட்சியென்று பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. அவர் தம்பிக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. தாடி நனைந்து ஒழுக, வெளியே போய், "சம்மதம்" என்றார்.

மகள் கட்டாருக்குப் போன கொஞ்ச நாளில் இடது காதும் முழுதாக அடைத்துக்கொண்டது. பிறகு எந்தச் சாமானும் உதவவில்லை. ஆனாலும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு பஸ் ஏறிக் கடைக்கு வருவார். மகள் என் போனுக்கு வீடியோவில் வருவாள். இருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். அவர் கச்சான் உரிப்பார், அவள் அங்கே சமைத்ததைத் தூக்கிக் காட்டுவாள். நான் போனைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

போன மாரிகாலத்தில், காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. ஜனாஸாவுக்கு மகளால் வந்து சேர ஏலாமல் போயிற்று. அடக்கிவிட்டு வந்து கடையைத் திறந்தேன். வழக்கமான நேரத்துக்கு என் போன் அடித்தது. அழுது வீங்கிய முகம்.

"மாமா," என்றாள், "வாப்பா ஒவ்வொரு நாளும் வந்து உங்களுக்குச் சரியான கரைச்சல் தந்திரிப்பார், என்ன?"

"இல்ல மகள்," என்றேன். "இண்டைக்கு வரல்லையே, இதுதான் கரைச்சல்."