பம்ப் ஹவுஸுக்கு எத்தனை பேர்?

என்னைப் போன்றவன் கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுப்பது நாட்டுக்கு நல்லதல்ல. அறுபதுகளில், நெய்வேலியில், யாரோ கொடுத்துவிட்டார்கள்.

போர்க்காலம். டவுன்ஷிப்பில் ஊர்க்காவல் படை அமைத்து, பம்ப் ஹவுஸ் வாசலில் ஷிப்டுக்கு நான்கு பேரை நிறுத்தியிருந்தார்கள். படைக்குத் தலைவர், ஓய்வுபெற்ற ஒரு சுபேதார். அவர் மீசைகூட அட்டென்ஷனில்தான் நிற்கும். எந்த வேலைக்கு எத்தனை ஆள் தேவை என்று கணக்கிடும் பிரிவில் நான் பயிற்சியில் இருந்தேன். நான்கு பேர் உண்மையிலேயே வேண்டுமா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். அறிக்கை சரியாக இருந்தால் வேலை பெர்மனன்ட். இல்லாவிட்டால் திரும்பவும் அப்பாவின் மளிகைக் கடை.

வாட்சோடு எதிரில் போய் நின்றேன். நால்வரும் குடியரசு தின அணிவகுப்பு மாதிரி நடந்தார்கள். (ஆள் பார்த்தால் யார்தான் உட்காருவார்கள்?) ஆகவே மறுநாள் மத்தியானம், என்னைப் பார்த்திராத வேறு நால்வர் காவலிருந்த ஷிப்டில், ஒருவரிடமும் சொல்லாமல் முந்திரித் தோப்புக்குள் ஒளிந்துகொண்டேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஒருவர் தூங்கினார். இருவர் ஆடுபுலி ஆட்டம் ஆடினார்கள். நான்காமவர் அந்த ஆட்டத்தைக் காவல் காத்தார். 'ஒரு ஆள் போதும்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த நேரம் பார்த்து, மரத்திலிருந்த சிவப்பெறும்புகள் என் சட்டைக்குள் ஷிப்ட் ஏறின.

நான் அலறிய அலறலில் தூங்கியவரும் எழுந்துவிட்டார். புதருக்குள் ஒருவன், கையில் கடிகாரம், நோட்டில் காவலர்களைப் பற்றிய குறிப்பு. போர்க்காலத்தில் வேறென்ன நினைப்பார்கள்? ஒருவர் துண்டால் என் கைகளைக் கட்டினார். இன்னொருவர் சுபேதாரை அழைத்துவர சைக்கிளில் பறந்தார். மூன்றாமவர் பம்ப் ஹவுஸைக் காத்தார். பருமனான நான்காமவர் என் கால்மேல் உட்கார்ந்துகொண்டார்.

நான் ஆபீஸ் ஆள் என்று கெஞ்சினேன்.

"வேவு பாக்குறவனும் அப்படித்தான் சொல்லுவான். ஆடாம கெட" என்றார் அவர், நிதானமாக.

சுபேதார் வந்தார். என்னைப் பார்த்தார், நோட்டைப் படித்தார். "இப்ப சொல்லுங்க தம்பி, எத்தனை பேர் வேணும்?"

"நாலு பேருங்க ஐயா. எறும்பைத் தட்டிவிட ஒருத்தரைச் சேத்தா அஞ்சு."

ஐந்து என்றே அறிக்கை போனது. சுபேதார் என்னைப் பாராட்டி எழுதினார். வேலையும் பெர்மனன்ட் ஆனது.

வேலை நிலைத்ததும் வீட்டில் பெண் பார்த்தார்கள். மந்தாரக்குப்பத்தில் ஒரு வீடு. நான் பஜ்ஜியை வாயில் வைத்தபோது பெண்ணின் அப்பா உள்ளேயிருந்து வந்தார். என் கால்கள் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டன. எனக்குப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது, அதனால் அவமானம் இரட்டிப்பாக இருந்தது. பேசாமல் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பையன் நல்ல மாதிரிதான். நானே மேல உக்காந்துகினு பாத்துட்டேன். எங்கியும் ஓட மாட்டாரு."

மாமனார் இப்போது இல்லை. நான் கோபித்துக்கொண்டு செருப்பை மாட்டினால், "யாராவது தாத்தா கால்மேல உக்காருங்கடா" என்கிறாள் என் மனைவி. ஒரு ஆள் போதும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை, பேரன்கள் நாலு பேரும் வந்து உட்காருகிறார்கள்.