பெட்டிசம் ஐயா வெறுங்கையோடு வங்கிக்குப் போன நாள்

மட்டக்களப்பில் பெட்டிசம் ஐயாவிடம் பெட்டிசம் வாங்காத ஆள் ஒருவர் இருந்தால், அவர் அன்று காலையில்தான் பிறந்திருக்க வேண்டும். அப்படிப் பிறந்திருந்தாலும், ஆஸ்பத்திரித் தொட்டில் கிரீச்சிடுகிறது என்று அந்தக் குழந்தையின் சார்பில் இவரே மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதியிருப்பார். பஸ் மிச்சக்காசு, தெருவிளக்கு, வாவிக்கரையில் குப்பை கொட்டும் லொறி, பிந்தித் திறக்கும் தபாற்கந்தோர் எல்லாவற்றுக்கும் பெட்டிசம். சொந்த மைத்துனரின் சேவல் மதியத்தில் கூவுகிறது என்று பிரதேச சபைக்கு எழுதியவர். சேவலுக்கு ஒரு பிரதி அனுப்பாததுதான் குறை.

அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் பார்த்திருக்கிறேன். பார்த்த மறுநிமிடமே மறந்தும் போனேன்.

கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்ட அரசாங்கக் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் இலிகிதராகக் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் மூலைக்கொரு தொண்டு நிறுவனம் முளைத்தபோது, அதில் ஒன்று கோப்புகளைப் பார்த்துக்கொள்ள அவரைப் பிடித்துப் போட்டது. போட்டவர்கள் பிறகு பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏதோ ஒரு பனி நாட்டிலிருந்து எங்கள் சித்திரை வெயிலுக்குப் பெட்டி பெட்டியாகக் கம்பளிக் கோட்டு வந்தது. நிறுவனம் நன்றிக் கடிதம் எழுதச் சொன்னது. ஐயா எழுதினார்: "தங்கள் கோட்டுகள் நல்ல நிலையில் கிடைத்தன. குளிர் இன்னும் வந்து சேரவில்லை. அதையும் அனுப்பி வைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

போர் நடந்த காலத்தில், குண்டு செய்ய உதவும் என்று, சோதனைச் சாவடிகளில் பற்றரி கொண்டுபோக விடமாட்டார்கள். நாங்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வருவோம். இவர் டோர்ச்சிலிருந்து கழற்றிய இரண்டு பற்றரிக்கும் ரசீது கேட்டு வெயிலில் நின்றார். பின்னால் வரிசையில் நின்ற சனம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. கடைசியில் அந்தச் சிப்பாய், இவரை அனுப்பினால் போதும் என்று ஒரு சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிக் கொடுத்தான். ஐயா அதை வாசித்துப் பார்த்து, "திகதி போடல்லியே" என்று திருப்பி நீட்டினார். அவர் எப்படி உயிரோடு வீடு வந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் அந்த நிறுவனத்தில் கணக்காளராகச் சேர்ந்தபோது போர் முடியும் தறுவாய். எனக்கு முப்பத்திரண்டு வயது, கொழும்பில் கணினி படித்த பெண் என்ற திமிர் வேறு. முதல் நாளே ஐயாவோடு முட்டிக்கொண்டேன். கந்தோருக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அவர் ஒரு தடித்த பதிவேட்டில் இலக்கமிட்டுப் பதிந்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். மின்னஞ்சலும் கடிதம்தான் என்பது அவர் கட்சி. ஆகவே வருகிற மின்னஞ்சலையெல்லாம் அச்செடுத்து அவர் மேசையில் வைக்க வேண்டும்.

"ஐயா, இதுல பாதி குப்பை," என்றேன்.

"குப்பை எண்டு எழுதிப் பதிவம் புள்ள. பதியாம எப்பிடித் தெரியும் குப்பை எண்டு?"

அப்படித்தான் எங்கோ ஓர் ஆபிரிக்க நாட்டுத் தளபதியின் விதவை, புருசனின் பெட்டி நிறைந்த பணத்தை எங்களோடு பங்குபோடக் கேட்டு எழுதியது 'வெளிநாட்டு விதவைகள்' என்ற புதுக் கோப்பில் ஏறியது. பதில் எழுதாமல் விடுவது மரியாதையில்லை என்று ஐயா, அவருடைய புருசனின் மரண அத்தாட்சிப் பத்திரமும், விதவைதான் என்பதற்குக் கிராம சேவகரின் சான்றிதழும் இணைக்கப்படவில்லை என்று பதில் சொல்லி, என்னையே தட்டச்சு செய்யவும் வைத்தார். அந்த அம்மா பிறகு எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பிறகு வங்கியின் பெயரில் வரத் தொடங்கியது. வங்கியின் சின்னம், வங்கியின் நிறம், எல்லாம் அச்சொட்டாக இருக்கும். உங்கள் கணக்கு இடைநிறுத்தப்படவுள்ளது, கீழே உள்ள இணைப்பை அழுத்தி உறுதிப்படுத்தவும் என்று இருக்கும். நானே முதல் கடிதத்தை உண்மை என்றுதான் நம்பினேன். ஐயா அச்செடுத்த தாளைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து ஒரு முறைதான் பார்த்தார்.

"கள்ளக் கடிதம்."

"எப்பிடி ஐயா சொல்றீங்க?"

"எனது இலக்கம், உமது இலக்கம் எங்க? இந்த நாட்டில எந்தக் கந்தோர் அது ரெண்டும் போடாமக் கடிதம் எழுதும்? மறுகா, இருபத்துநாலு மணித்தியாலத்தில பதில் தரட்டாம். நான் முப்பத்தஞ்சு வருசம் கந்தோர்ல இருந்தவன். இருபத்துநாலு மணித்தியாலத்தில நாங்க கடித உறையையே கிழிக்க மாட்டம்."

"சரி..."

"இன்னமும் கிடக்கு. எங்கட கணக்கிலக்கத்த எங்களுக்கிட்டயே கேக்கிறான். அது அவன்ட புத்தகத்தில இருக்கவேணும்தானே? அனுப்பினவன்ட விலாசத்தப் பாருங்க. வங்கிட பேர் முன்னுக்கு இருக்கு, கடைசியில என்னவோ பூச்சி மருந்துக் கொம்பனிட பேர் மாதிரிக் கிடக்கு. விலாசத்த எப்பவும் கடைசியில இருந்துதான் வாசிக்கணும். தபால்காரன் அப்பிடித்தான் வாசிப்பான்."

கணினியைத் தொட்டும் பார்க்காத மனிதர் சொன்ன இந்த நாலு விசயத்தையும் பிற்காலத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த கருத்தரங்கில் திரையில் போட்டுக் காட்டினார்கள். நான் பின்வரிசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு சிரித்தேன்.

கண்டுபிடித்ததோடு விடுவாரா? ஒவ்வொரு கள்ளக் கடிதத்துக்கும் வங்கி முகாமையாளருக்கு ஒரு பெட்டிசம் மூன்று பிரதியில் பதிவுத் தபாலில் போகும். இத்தனைக்கும் வங்கி எங்கள் கந்தோரிலிருந்து கூப்பிடு தூரம். நேரே போய்ச் சொன்னால் என்ன, போனில் சொன்னால் என்ன என்று கேட்டால், "வாயால சொன்னதுக்குக் கோப்பு இல்ல" என்பார். இவருடைய பழைய சைக்கிள் வாசலில் நின்றால் முகாமையாளர் பின்கதவால் மறைந்துவிடுவார் என்று வங்கிப் பெட்டைகள் சொல்லிச் சிரிப்பார்கள். அறுபதாவது பெட்டிசமோ என்னவோ, தாங்க முடியாமல் வங்கி ஒரு பதில் அனுப்பியது. ஐயா அதைக் கோப்பில் சேர்த்தார். நாங்கள் யாரும் வாசிக்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்ல வெட்கம்தான்.

கடற்கரைக் கிராமம் ஒன்றில் நாங்கள் கட்டிய வீடுகளுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை. அந்தக் குடும்பங்கள் தற்காலிகக் கொட்டில்களில் இருந்தன. மாரி மழை தலைக்கு மேல் நின்றது. ஓடு வாங்கும் காசு வங்கிக்கு வந்துவிட்டது, திங்கட்கிழமை கொடுத்தால் மழைக்கு முன் வேய்ந்துவிடலாம். அப்போதுதான் புதிதாக இணையத்தில் வங்கி அலுவல் பார்க்கத் தொடங்கியிருந்தோம். எங்கள் நிறுவனத்தின் பணிப்பாளர் தன் இரகசியச் சொல்லையும் ஒரு துண்டில் எழுதி என்னிடம் தந்துவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இன்று மாலைக்குள் உறுதிப்படுத்தாவிட்டால் கணக்கு முடக்கப்படும். எனக்கு அந்த ஓடுகள்தான் கண்ணுக்குள் வந்தன. அச்செடுத்து ஐயாவிடம் கொடுத்தால், அவர் இலக்கமிட்டு, பதிந்து, கண்ணாடி துடைத்து முடிக்க வங்கியே மூடிவிடும் என்று நினைத்தேன். இணைப்பை அழுத்தினேன். என் சொல்லையும் போட்டேன், பணிப்பாளரின் சொல்லையும் போட்டேன். திரை ஒருமுறை மினுங்கிவிட்டு வெறுமையாக நின்றது. அதன் பிறகுதான் விலாசத்தைக் கடைசியிலிருந்து வாசித்தேன்.

எழும்பி ஐயாவின் மேசைக்குப் போனேன். வாய் வரவில்லை. "ஒட்டுற கம் போத்தல் இருக்கா ஐயா?" என்றேன். கொடுத்தார். ஒரு நிமிடத்தில் திரும்பிப் போய் மறுபடியும் கம் கேட்டேன். மூன்றாம் தரமும் கம்தான் கேட்டேன், வேறு பொருளின் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஐயா பேனையை வைத்தார். "புள்ள, உங்கட கையில ஒட்டுறதுக்கு ஒரு தாளும் இல்ல. என்ன நடந்திச்சி?"

அழுதுகொண்டே சொன்னேன். ஒரு பிரசங்கம் வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "எத்தின மணிக்கு அமத்தினீங்க?" பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு கோப்பை உருவினார். வங்கி அனுப்பிய அந்தப் பதில். அதில் இருந்தது: ஏமாந்துவிட்டால் உடனே இரகசியச் சொல்லை மாற்றவும், இந்த இலக்கத்துக்கு அறிவிக்கவும். சொல்லை மாற்றப் பார்த்தேன், என்னை உள்ளேயே விடவில்லை. யாரோ முந்திக்கொண்டு மாற்றிவிட்டான். இலக்கத்துக்கு அடித்தேன், இனிமையான வீணை இசை கேட்டது. இரண்டாம் தரம் அடித்தாலும் வீணைதான்.

"வைங்க போன. ஸ்கூட்டிய எடுங்க," என்றார் ஐயா.

பெண்ணொருத்தியின் பின்னால் ஸ்கூட்டியில் போவதைப் பற்றி அவர் யாருக்காவது பெட்டிசம் எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். "இன்னும் கொஞ்சம் வேகமா, புள்ள!" என்று என் காதுக்குள் கத்தினார். வங்கியின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. காவலாளி சிரித்தபடி, "ஐயா, இண்டைக்குப் பெட்டிசம் முடிஞ்சிது. திங்கக்கிழம வாங்க" என்றான்.

எந்த மேலதிகாரிக்கும் குனிந்திராத அந்த மனிதர், முதுகை வளைத்துக் கதவுக்குக் கீழால் புகுந்தார். நானும் புகுந்தேன். முகாமையாளர் பின்கதவுப் பக்கம் நழுவப் பார்த்தவர், ஐயாவின் கைகளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையிலும் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

"ஐயா... எழுதிக்கொண்டு வரல்லியா?" என்றார், பயந்துபோன குரலில்.

"நேரமில்ல சேர். வாயால சொல்றன். எங்கட கணக்க நிப்பாட்டுங்க. கள்ளன் உள்ளுக்கு இருக்கான்."

முகாமையாளர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஓடிப்போய்க் கொழும்புத் தலைமையகத்துக்கு நேரே பேசினார். பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கள்ளன் காசை அனுப்பும் உத்தரவைப் போட்டுவிட்டிருந்தான். காசு இன்னும் வெளியே போகவில்லை. கணக்கை மூடிவிட்டார்கள்.

கந்தோருக்குத் திரும்பியதும் ஐயா பணிப்பாளருக்கு அறிக்கை எழுதத் தாளை எடுத்தார். என் பெயரைப் போடவேண்டாம் என்று கெஞ்சினேன்.

"பேர் இல்லாட்டி அது மொட்டைக் கடிதம் புள்ள. நான் மொட்டை எழுதமாட்டன்."

திங்கட்கிழமை பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று கைப்பையைத் தயாராக எடுத்துக்கொண்டுதான் போனேன். ஐயாவின் அறிக்கையைச் சத்தமாக வாசித்தார். கடிதத்தைப் பதிவேட்டில் பதியாமல் திறந்தது கணக்காளரின் தவறு. தன் இரகசியச் சொல்லைத் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது பணிப்பாளரின் தவறு. இந்த இடத்தில் பணிப்பாளருக்கு இருமல் வந்து, தண்ணீர் குடித்தார். வங்கியின் அறிவித்தலை வாசிக்காதது எல்லோருடைய தவறு. கடைசியாக இப்படி இருந்தது: "மேற்படி கணக்காளர் தவறை உணர்ந்ததும் தாமாகவே வந்து அறிவித்தார். அதனாலேயே வீடுகளின் கூரைக் காசு தப்பியது. அவருக்கு நன்றி தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பணிப்பாளர் நன்றி சொன்னார். அந்த வாரமே வங்கி கணக்கைத் திறந்துவிட்டது, ஓடு போயிற்று, மழை அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் நேரே ஐயாவின் மேசைக்குப் போனேன். "ஐயா, நானா வந்து சொல்லல்லியே. நீங்க கேட்டாப் பொறகுதானே சொன்னன்?"

பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "கால் முதல்ல வந்திச்சி, வாய் கொஞ்சம் பிந்தி வந்திச்சி. ரெண்டும் உங்கடதானே புள்ள."

அந்த மனுசரை எனக்கு அவ்வளவு பிடிக்கும். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அதை அவரிடம் சொன்னதில்லை. வாயால் சொன்னதுக்குக் கோப்பு இல்லை என்பார், அதனால்தான் எழுதியிருக்கிறேன்.