ஆறு தாலுகா கூழ்

தன் வயிற்றோடு 'ங்க' போட்டுப் பேசிய மனிதர் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் லைன் வீட்டில் எனக்கு அடுத்த கதவில் குடியிருக்கிறார். கோர்ட்டுக்கு எதிரே ஒரு கடையில் கம்ப்யூட்டரில் மனு அடித்துக் கொடுப்பவர். அவருடைய பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் மனுக்காரர்.

ஒரு மார்கழியில் அவருக்கு விரல் மூட்டுகள் வீங்கின. காலையில் சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. விரல் போனால் மனு போயிற்று. மனு போனால் அவர் என்ன ஆவார் என்று அவரைவிட நான்தான் அதிகம் கவலைப்பட்டேன். ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு முடக்குவாதம் என்றார்.

"உடம்பைக் காக்கிற படையே, எதிரின்னு தப்பா நெனச்சு சொந்த மூட்டை அடிக்குது. மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது. குடல்ல இருக்கிற கிருமிகளுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்கலாம்னு ஆராய்ச்சி நடக்குது. நார்ச்சத்து இருக்கிற சாப்பாடா சாப்பிடுங்க."

மொத்தம் நாலு வாக்கியம். எண்ணும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. மனுக்காரர் காதில் இரண்டாவது மட்டும் தங்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"சார், வயித்துக்குள்ள கோடிக்கணக்குல பேரு குடியிருக்காங்களாம். நான் இத்தினி வருசமா பரோட்டாவும் டீயுமா உள்ள தள்ளிக்கினு இருந்திருக்கேன். அவங்க மனு குடுத்திருப்பாங்க, நான்தான் கண்டுக்கல."

"மனு குடுத்தா விரல் ஏன்யா வீங்குது?"

"மனுவ கண்டுக்கலன்னா அடுத்து மறியல்தான சார்?"

ஆட்டோவிலிருந்த அத்தனை பேரும் தங்கள் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள்.

வெறும் கேழ்வரகுக் கூழோடு அவர் நின்றிருந்தால் எனக்கு நிம்மதி. அவர் நிற்கவில்லை. "ஒரே சாதி ஆளுங்களே உள்ள உக்காந்துக்கினா நோவு வரும் சார். எல்லா ஊரு ஆளும் கலந்து இருக்கணும்" என்று கிளம்பினார். தாலுகா தாலுகாவாக பஸ் ஏறிப் போய், யார் வீட்டிலாவது முந்தின நாள் கூழில் ஒரு டம்ளர் கேட்டு வாங்கி வந்தார், உறை ஊற்ற. கல்வராயன் மலையில் ஒரு அம்மா, "பழங்கூழு கேக்கவா இம்மாந்தூரம் மலையேறி வந்த?" என்று சிரித்து, கூழோடு ஒரு படி சாமையும் கொடுத்து அனுப்பினாராம்.

ஆறு பானைகள். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு தாலுகாவின் பெயர். எதிர்வீட்டு அம்மா என்னிடம் வந்து, "இன்னா சார், அந்தாளு பானைங்க கொப்புளம் வுட்டுக்கினு தனியா பேசிக்கினு கீதுங்க" என்று புகார் சொன்னார். மனுக்காரரோ தினமும் குடிப்பதற்கு முன் குனிந்து, தன் வயிற்றிடம் சொல்வார்: "இன்னிக்கு திருக்கோவிலூர்க்காரங்க வராங்க. கொஞ்சம் நவுந்து எடம் குடுங்க."

சிரிப்பு வந்தாலும் எனக்குப் பிரமிப்புத்தான் அதிகம். வீட்டுக் கூரை ஓடுகளைக்கூட எண்ணி வைத்திருக்கும் எனக்கு, என் வயிற்றுக்குள்ளேயே எண்ணி முடியாத ஒரு ஜனக்கூட்டம் இருக்கிறது என்பதைத் தாங்க முடியவில்லை. சாப்பிட்ட பிறகு வயிறு சத்தம் போட்டால், யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்து உட்காருவேன்.

கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு, புளித்த வாடை வந்தால் இந்த ஊர் சும்மா இருக்காது. பட்ட அடி அப்படி. யாரோ போன் செய்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் எஸ்.ஐ. ஒருவர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்து இறங்கினார்.

"இன்னாய்யா, சாராய ஊறலா போட்டு வச்சிருக்க?"

"கூழுங்க ஐயா."

எஸ்.ஐ. பானைகளைப் படித்தார். "சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை... எந்தெந்த ஊருக்கு சப்ளைன்னு எழுதியே வச்சிருக்கியா?"

"சப்ளை இல்லீங்க. அங்கேர்ந்து வந்தவங்க."

"யாரு வந்தது? எத்தினி பேரு?"

"கோடிக்கணக்குல இருக்காங்க ஐயா."

போலீஸ்காரர்கள் லத்தியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். நான் வாசலில் நின்று, ஜாமீனுக்கு யாரைப் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனுக்காரரோ பரவசத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"சார், பாத்தீங்களா! டாக்டரம்மா சொன்னது இதான். காவலுக்கு இருக்கறவங்களே வூடு மாறி வந்துட்டாங்க!"

லத்திகளுக்கு நடுவே நின்று மருத்துவம் பேச எவனுக்கு வரும் அந்தத் துணிச்சல்?

"குடிச்சுப் பாருங்க ஐயா, அப்பறம் சொல்லுங்க" என்று கூழை மொண்டு எஸ்.ஐ.யிடம் நீட்டினார். டம்ளர் மனுக்காரரின் பிடியிலிருந்து நழுவி விழுந்தது. கூழ் முழுக்க எஸ்.ஐ.யின் பூட்ஸ் மேல்.

எஸ்.ஐ. பூட்ஸைப் பார்க்கவில்லை. நீட்டியபடியே நின்ற கையைப் பார்த்தார். விரல்கள் கோணத் தொடங்கியிருந்தன.

"முடக்குவாதமா?"

"ஆமாங்க."

"மாத்திரை போடறியா?"

"நிறுத்தி மூணு மாசம் ஆவுதுங்க. இவங்களே பாத்துக்குவாங்கன்னு..." என்று பானைகளைக் காட்டினார்.

எனக்கே அப்போதுதான் தெரியும். ஒரு சுவர் தள்ளிப் படுத்திருந்தவன் நான்.

"எங்கம்மாவும் தைலத்த நம்பி மாத்திரைய வுட்டாங்கய்யா. இப்ப சோறு நான்தான் ஊட்டறேன்" என்றார் எஸ்.ஐ. அது போலீஸ் குரலாக இல்லை. "கூழ எவ்ளோ வேணா குடி. மாத்திரைய வுட்டா மனு அடிக்கக் கை இருக்காது. ஏறு ஜீப்புல."

தெருவே வேடிக்கை பார்க்க, முன் சீட்டில் மனுக்காரர், பின் சீட்டில் லத்திகளுக்கிடையே நான். போன இடம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா திட்டித் தீர்த்து, ரத்தம் எடுத்து, மாத்திரையை மறுபடி தொடங்கினார். "கூழைச் சுத்தமா செஞ்சு குடிங்க, நல்லதுதான். ஆனா அது மாத்திரையோட சேர்த்து. மாத்திரைக்குப் பதிலா இல்ல."

வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. எதனால் என்று கேட்டால் டாக்டரம்மா மாத்திரை என்பார். மனுக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "கூட்டு முயற்சி சார்" என்பார்.

அந்த மாத்திரை வாரத்தில் ஒரு நாள்தான், ஞாயிற்றுக்கிழமை. அட்டையிலிருந்து அதைப் பிதுக்கி எடுக்க அவர் கட்டைவிரலுக்கு அப்போது வலு இல்லை. அதனால் அந்த வேலை எனக்கு வந்தது.

இப்போது அவர் காலையிலிருந்து சாயங்காலம்வரை மனு அடிக்கிறார். நிறைந்த பானையைத் தானே தூக்கி இறக்குகிறார். இருந்தும் ஞாயிறு காலையில் மாத்திரை அட்டையை என்னிடம்தான் நீட்டுகிறார். நானும் ஒன்றும் கேட்காமல் பிதுக்கிக் கொடுக்கிறேன்.